இருபது ஆண்டு சும்மா இருந்த சிமெண்ட் இப்போது ஏன் கையை வெடிக்கவைக்கிறது?

ஒரு கொத்தனாரின் மகள் கேட்டிருக்கும் கேள்வி இது. அப்பா இருபது ஆண்டுக்கு மேலாகப் பூச்சு வேலை செய்கிறார். இரண்டு ஆண்டுகளாக இரு கைகளிலும் அரிப்பு, நீர்க்கொப்புளம், பிறகு வெடிப்பு. இப்போது பாதத்திலும் வந்துவிட்டது. மருத்துவர் சிமெண்ட் அலர்ஜி என்கிறார். இத்தனை காலம் ஒன்றும் செய்யாத சிமெண்ட் திடீரென்று எப்படி ஆகாமல் போகும்? எதிர்ப்பு சக்தி குறைந்துவிட்டதா? கூட வேலை பார்க்கிறவர்களுக்கு ஏன் வரவில்லை? வேலையை விட்டுவிட வேண்டுமா? தம்பியும் இப்போது அப்பாவோடு சித்தாளாகப் போகத் தொடங்கியிருக்கிறானே, அவனுக்கும் வருமா?

எதிர்ப்பு சக்தி பற்றிய கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பலர் பணத்தைத் தொலைப்பது அங்கேதான். உங்கள் அப்பாவின் எதிர்ப்பு சக்தி குறையவில்லை. அது முழு வீச்சில் வேலை செய்கிறது. ஆனால் எதிரியல்லாத ஒன்றை எதிரி என்று குறித்துவைத்துக்கொண்டு வேலை செய்கிறது. ஆகவே எதிர்ப்பு சக்தியைக் கூட்டுவதாகச் சொல்லி விற்கும் லேகியம், பொடி, மாத்திரை எதற்கும் இங்கே இடமில்லை. ரத்தம் கெட்டுவிட்டது என்று யாராவது சொல்லியிருந்தால் அதை மறந்துவிடுங்கள். கத்தரிக்காயும் கருவாடும் சாப்பிடாதே என்று நிறுத்திவைத்திருந்தால், இந்த நோய்க்காக அதை நிறுத்த வேண்டியதில்லை. இது ஒட்டுவாரொட்டியும் அல்ல. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது: கை இப்படி ஆன பிறகு தனித் தட்டு, தனி டம்ளர் என்று வீட்டுக்குள்ளேயே ஒதுங்கிக்கொள்ளும் கொத்தனார்களைப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒதுங்க எந்த அவசியமும் இல்லை.

இனி சிமெண்டுக்கு வருவோம். அது தோலுக்கு இரண்டு விதமாகக் கெடுதல் செய்கிறது. முதலாவது அதன் காரத்தன்மை. நம் தோலின் மேற்பரப்பு இயல்பில் லேசான அமிலத்தன்மை உடையது. பிஎச் அளவு 5-ஐ ஒட்டி இருக்கும். தண்ணீர் ஊற்றிய சிமெண்டின் பிஎச் 12-க்கு மேல். தோலின் மேலடுக்கில் செல்களை ஒட்டவைத்திருக்கும் கொழுப்பை இந்தக் காரம் கரைத்து எடுக்கிறது, மணல் அதன்மேல் உரசுகிறது. விரல் நுனி வறண்டு, ரேகை தேய்ந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே கீறல் விழும். இது கலவையில் கை வைக்கும் எல்லோருக்கும் கொஞ்சமாவது வரும். எதிர்ப்பு மண்டலத்தின் நினைவாற்றலுக்கு இதில் பங்கில்லை. ஈரக் கலவையில் மணிக்கணக்கில் முழங்காலிட்டால் அன்றைக்கே தோல் வெந்து புண்ணாவதும் இந்தக் காரத்தால்தான்.

இரண்டாவது, அதில் மிகச் சிறிய அளவில் கலந்திருக்கும் குரோமியம். யாரும் அதைச் சேர்ப்பதில்லை. சுண்ணாம்புக்கல்லிலும் களிமண்ணிலும் இயற்கையாகவே அது இம்மியளவு இருக்கிறது. சூளையில் ஏறத்தாழ 1450 டிகிரி வெப்பத்தில், காரமும் ஆக்சிஜனும் உள்ள சூழலில், அதில் ஒரு பகுதி குரோமியம்-6 என்ற வடிவத்துக்கு மாறிவிடுகிறது. சூளையின் உட்பூச்சுச் செங்கலிலிருந்தும் அரவைக் குண்டுகளிலிருந்தும் இன்னும் கொஞ்சம் சேரும். குரோமியம்-6 நீரில் எளிதில் கரையும், தோலுக்குள் எளிதில் நுழையும். குரோமியம்-3 அப்படியல்ல, அது தோலின் மேற்பரப்பில் உள்ள புரதங்களிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். உள்ளே நுழைந்த குரோமியம்-6 அங்கே குரோமியம்-3 ஆக மாறி, தோலின் சொந்தப் புரதங்களைப் பற்றிக்கொள்கிறது. சிக்கல் பிறக்கும் இடம் இதுதான். தனியாக இருந்தால் எதிர்ப்பு மண்டலத்தின் கண்ணில் படாத அளவுக்குக் குரோமியம் சிறியது. நம் புரதத்தோடு சேர்ந்த பிறகு அந்தப் புரதம் இதுவரை பார்க்காத ஒரு புதுப் பொருளாகத் தெரிகிறது.

தோலில் காவலுக்கு நிற்பவை லாங்கர்ஹான்ஸ் செல்களும் அவற்றின் இனத்தைச் சேர்ந்த பிற செல்களும். பெர்லினில் மருத்துவ மாணவராக இருந்தபோதே, 1868-இல், பவுல் லாங்கர்ஹான்ஸ் இவற்றை விவரித்தார்; கிளை கிளையாக இருந்ததால் நரம்பு செல்கள் என்று நினைத்துக்கொண்டார். எதிர்ப்பு மண்டலத்தில் இவற்றுக்கு இருக்கும் பங்கு புரிய நூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. இவை புதுப் பொருளின் துண்டை எடுத்துக்கொண்டு நிணநீர் வழியாக அக்குளில் நெறி கட்டும் இடம்வரை போகின்றன. அங்கே டி செல்கள் என்னும் வெள்ளணுக்கள் கோடிக்கணக்கில் உண்டு. அந்தத் துண்டோடு பொருந்தும் சில டி செல்கள் மட்டும் விழித்துப் பெருகுகின்றன. இதற்கு இரண்டு வாரம் போலாகும். அந்த நாட்களில் கையில் ஒன்றுமே தெரியாது. பெருகியவற்றில் ஒரு பகுதி நினைவு செல்களாகத் தங்கிவிடும். சிறுவயதில் தட்டம்மை வந்தவருக்கு மறுபடி வராமல் காப்பதும் இதே வகை நினைவுதான். அங்கே அது வரம். இங்கே அது வாழ்நாள் தொல்லை.

ஆனால் லாங்கர்ஹான்ஸ் செல்கள் எதைப் பார்த்தாலும் சண்டைக்குக் கிளம்புவதில்லை. தோல் நல்ல நிலையில் இருந்தால், வந்த பொருளைக் கண்டுகொள்ளாமல் விடும்படி டி செல்களைப் பழக்கவும் அவற்றால் முடியும். சண்டைக்குக் கிளம்ப இன்னொரு சமிக்ஞை தேவை: அந்த இடத்துத் தோல் அடிபட்டு, ஆபத்து என்று ரசாயனக் குரல் எழுப்ப வேண்டும். காரத்தில் வெந்து மணலில் உரசிய கை அந்தக் குரலை நாள் முழுவதும் எழுப்பிக்கொண்டே இருக்கிறது. அதாவது சிமெண்டின் காரம் கதவைத் திறப்பதோடு நிற்காமல், உள்ளே வரும் குரோமியத்தை எதிரி என்று சாட்சியும் சொல்லிவிடுகிறது.

இருபது ஆண்டு ஏன் சும்மா இருந்தது என்பதற்கு விடை இதில் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் ஒரு வாய்ப்பு. எந்த நாளில் எவ்வளவு குரோமியம், எவ்வளவு புண்பட்ட தோலில், எத்தனை மணி நேரம் கிடந்தது என்ற கணக்கு ஒருநாள் எல்லையைத் தாண்டுகிறது. சிலருக்கு மூன்றாம் மாதத்தில், சிலருக்கு இருபதாம் ஆண்டில், பெரும்பாலானவர்களுக்கு எப்போதுமே இல்லை. பிறவியில் அமைந்த தோலின் உறுதி, மரபணு, செய்யும் வேலையின் வகை, வேலை முடிந்ததும் கை கழுவும் பழக்கம் எல்லாம் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. கூட வேலை பார்க்கிறவர்களுக்கு வராதது உங்கள் அப்பாவின் பலவீனத்தைக் காட்டுவதாகாது. எல்லை ஒருமுறை தாண்டப்பட்டபின் கணக்கு தலைகீழாகிவிடும்: முன்பு மூட்டை மூட்டையாகக் குழைத்தும் ஒன்றும் ஆகாத கை, இப்போது ஒரு கரணைக் கலவைக்கே ஒன்றிரண்டு நாளில் கொப்பளிக்கும். நினைவு செல்களில் சில கைத் தோலுக்குள்ளேயே குடியிருப்பதால் அதே இடங்களில் திரும்பத் திரும்ப வரும்.

இது செல்களின் வேலை, ரத்தத்தில் மிதக்கும் எதிர்ப்புப் புரதங்களின் வேலை அல்ல என்பதை 1942-இல் கார்ல் லேண்ட்ஸ்டெய்னரும் மெரில் சேஸும் கினிப் பன்றிகளில் காட்டினார்கள். ரத்த வகைகளைக் கண்டறிந்த அதே லேண்ட்ஸ்டெய்னர்தான். ஒவ்வாமை உள்ள விலங்கின் சீரத்தை, அதாவது செல்கள் நீக்கிய ரத்த நீரை, கொடுத்தால் மற்றொன்றுக்கு அது வரவில்லை. வெள்ளணுக்களைக் கொடுத்தால் வந்தது. நடைமுறையில் இதற்குப் பெரிய பொருள் உண்டு. ஆயிரக்கணக்கில் ரூபாய் வாங்கிக்கொண்டு செய்யும் அலர்ஜி ரத்தப் பரிசோதனைகள் ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதத்தை அளப்பவை. தும்மலுக்கும் ஆஸ்துமாவுக்கும் அது உதவலாம். கரப்பான் என்ற இந்தத் தோல் அழற்சிக்கு அது விடை தராது. அலர்ஜி மாத்திரை போட்டால் கொஞ்சம் தூக்கம் வரும், அரிப்பு பெரிதாகக் குறையாது, காரணம் இதுதான்.

உங்களுக்குத் தேவை பேட்ச் டெஸ்ட். 1895-இல் யோசஃப் யாடாசோன் தொடங்கிவைத்த முறை. இன்றைக்கும் இதைவிட நம்பகமான வழி இல்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் பிரிவில் கேட்டுப் பாருங்கள். சந்தேகப் பொருள்களைச் சின்னஞ்சிறு அலுமினியக் குப்பிகளில் வைத்து முதுகில் வரிசையாக ஒட்டுவார்கள். குரோமியத்துக்கு, வாசலினில் 0.5 சதவீதம் பொட்டாசியம் டைகுரோமேட். திங்கட்கிழமை ஒட்டினால் புதன்கிழமை உரிப்பார்கள், வெள்ளிக்கிழமை மறுபடி பார்ப்பார்கள். அதுவரை முதுகில் தண்ணீர் படக்கூடாது, வியர்க்க வேலை செய்யக்கூடாது. நாள்கூலிக்காரருக்கு இது ஒரு வாரக் கூலி என்பது எனக்குத் தெரியும். இருந்தும் செய்துகொள்ளச் சொல்கிறேன். உரித்த முதுகில் பெரும்பாலான கட்டங்கள் வெறுமையாக இருக்கும். டைகுரோமேட் வைத்த கட்டம் மட்டும் சிவந்து தடித்து, மேலே நுண்ணிய கொப்புளங்களோடு இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினாலே கண்டுபிடித்துவிடலாம். இத்தனை ஆண்டு தெரியாமல் இருந்த காரணத்தைத் தன் முதுகிலேயே கைபேசிப் படத்தில் பார்க்கும்போதுதான் பலருக்கு மருத்துவர் சொன்னதில் நம்பிக்கை வருகிறது. ஒரு எச்சரிக்கை: வீட்டில் சிமெண்டையே குழைத்துத் தோலில் கட்டிப் பார்க்காதீர்கள். காரம் வேகவைத்துவிடும், அது எதையும் நிரூபிக்காது.

பாதத்துக்கும் வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். கலவை காலில் பட்டு வந்திருக்கலாம். ஆனால் அவர் தோல் செருப்போ ஷூவோ போடுகிறாரா என்று பாருங்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை மட்டுமல்ல, உலகெங்கும் தோல் பதனிடுவதில் பெரும்பகுதி குரோமியம்-3 உப்பைக் கொண்டே நடக்கிறது. பதப்படுத்திய தோலில் அதில் ஒரு பகுதி குரோமியம்-6 ஆக மாறக்கூடும். வியர்வை அதைக் கரைத்து எடுத்துக் காலுக்குக் கொடுக்கும். கையில் கற்ற பாடத்தை எதிர்ப்பு மண்டலம் காலிலும் ஒப்பிக்கும். ரப்பர், கேன்வாஸ், பிளாஸ்டிக் காலணிக்கு மாறிப் பார்க்கட்டும். வெடிப்புள்ள கொத்தனாரிடம் செருப்பைக் கழற்றிக் காட்டச் சொல்லாமல் மருந்து எழுதினால் பாதி நோய் அப்படியே இருக்கும்.

கையுறை போடச் சொல்வது எளிது, சரியாகப் போடுவது கடினம். மலிவான ரப்பர் கையுறைகளில் ரப்பரை இறுக்கச் சேர்க்கும் தையூரம், கார்பமேட் போன்ற பொருள்கள் தாமே ஒவ்வாமை தருபவை. ஏற்கெனவே புண்ணான கையில் அதைப் போட்டு இரண்டாவது அலர்ஜியைச் சம்பாதித்தவர்கள் உண்டு. உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை, வெளியே மணிக்கட்டைத் தாண்டி வரும் பிவிசி அல்லது நைட்ரைல் கையுறை என்பதே நல்லது. கலவை உள்ளே புகுந்துவிட்டால் உடனே கழற்றிக் கழுவ வேண்டும். சிமெண்டை உள்ளே வைத்து மூடிய கையுறை வெறுங்கையைவிட மோசம். கழுவுவதற்கு நல்ல தண்ணீர் வேண்டும், கரணையும் பாண்டும் அலசிய டிரம் தண்ணீர் அல்ல. மண்ணெண்ணெயும் சலவைத்தூளும் கையில் படவே கூடாது. வேலை முடிந்ததும், இரவில் படுக்கும் முன்னும், ஈரம் காயும் முன்பே வாசலினோ தேங்காய் எண்ணெயோ கனமாகத் தடவட்டும்.

மருந்தைப் பொறுத்தவரை ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மருந்துக்கடையில் சீட்டில்லாமல் கொடுக்கும் மூன்று மருந்து கலந்த ட்யூப் வேண்டாம். அதில் இருக்கும் வீரியமான ஸ்டீராய்டு அந்த இடத்து எதிர்ப்பு மண்டலத்தை அடக்குவதால் இரண்டே நாளில் அரிப்பு நிற்கும். மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து, அடங்கிக் கிடக்கும் எதிர்ப்பைப் பயன்படுத்திப் படர்தாமரை பரவும். நம் நாட்டில் இன்று மருந்துக்குக் கட்டுப்படாத படர்தாமரை இவ்வளவு பெருகியிருப்பதில் இந்த ட்யூப்களுக்குப் பங்கு உண்டு. தோல் மருத்துவரும் ஸ்டீராய்டுதான் முதலில் தருவார், ஆனால் எத்தனை நாள், எப்படிக் குறைப்பது, அதன்பின் டாக்ரோலிமஸ் போன்ற வேறு களிம்புக்கு எப்போது மாறுவது என்ற கணக்கோடு தருவார்.

கட்டட வேலையில் எதிர்ப்பு மண்டலத்தைத் தடம் மாற்றுவது குரோமியம் மட்டுமல்ல. கிரானைட்டும் டைல்ஸும் வெட்டும்போது பறக்கும் சிலிக்காத் தூசியும் உண்டு. நுரையீரலைக் கெடுக்கும் என்பது பலருக்குத் தெரியும். தோலையும் தொடும் என்பது தெரியாது. 1914-இலேயே எடின்பரோவில் பைரம் பிராம்வெல், தோல் இறுகிப் பலகையாகும் ஸ்க்ளெரோடெர்மா நோய் கல்தச்சர்களிடம் காணப்படுவதைக் குறித்தார். 1957-இல் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களிடமும் அதே நோய் பதிவானது. தூசித் துகளை விழுங்கும் தற்காப்பு செல்களால் அதைச் செரிக்க முடியாது; அவை வெடித்துச் சாக, அடுத்த செல் அதே துகளை விழுங்குகிறது. ஓயாத இந்த அழற்சி, சிலருக்கு எதிர்ப்பு மண்டலத்தைச் சொந்த உடல்மீதே திருப்பிவிடுகிறது. உங்கள் அப்பாவுக்குக் காலைக் குளிரில் விரல்கள் வெளுத்து நீலம் பாரிக்கிறதா, விரல் தோலைக் கிள்ள முடியாமல் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படியிருந்தால் அது கரப்பான் அல்ல. தாமதிக்காமல் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிலிக்கா மிக அதிகமுள்ள செயற்கைக் குவார்ட்ஸ் பலகைகளைத் தொழிலாளர்களின் நுரையீரலைக் காக்க ஆஸ்திரேலியா 2024 ஜூலை முதல் தடைசெய்துவிட்டது. நம் ஊரில் அதே பலகையைத் தண்ணீர்கூடத் தெளிக்காமல், முகத்தில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு அறுக்கிறார்கள்.

முகத்திலும் கழுத்திலும் கண் இமையிலும் அரிப்பு இருந்தால் பார்த்தீனியத்தையும் சந்தேகிக்க வேண்டும். 1950-களில் புணேயில் கவனத்துக்கு வந்த இந்தக் களை இப்போது காலி மனையெல்லாம் மண்டிக் கிடக்கிறது. அடித்தளம் தோண்டும் முன் அதை வெட்டிச் சாய்ப்பதும் இதே தொழிலாளர்கள்தான்.

எதிர்ப்பு சக்தியை உண்மையிலேயே மந்தமாக்கும் வேதிப்பொருள்களும் இருக்கின்றன. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். நீர் ஒட்டாத துணி, தீயணைப்பு நுரை முதலியவற்றில் பயன்படும் பிஎஃப்ஏஎஸ் என்ற தொகுதி ரத்தத்தில் அதிகமிருந்த ஃபாரோ தீவுக் குழந்தைகளுக்கு, டெட்டனஸ், டிப்தீரியா தடுப்பூசிக்குப் பின் எதிர்ப்புப் புரதம் குறைவாகவே உருவாகியிருந்தது. 2012-இல் இது வெளிவந்தது. 2020-இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், தடுப்பூசிக்கு உடல் காட்டும் பதிலையே அளவுகோலாக வைத்து, அவற்றில் நான்கு பொருள்களுக்குச் சேர்த்து வார வரம்பு விதித்தது. ஆனால் உங்கள் அப்பாவின் கைக்கும் இதற்கும் தொடர்பில்லை.

வேலையை விட வேண்டுமா? அவசரப்பட்டு வேண்டாம். குரோமியம் அலர்ஜி பிடிவாதமானது. வேலையை விட்ட பிறகும் ஆண்டுக்கணக்கில் கை முழுதாக ஆறாதவர்கள் பலர். பிழைப்பையும் இழந்து நோயையும் வைத்துக்கொள்வதில் பொருளில்லை. இருபது ஆண்டு அனுபவம் உள்ளவர், கலவையில் கை வைக்காமல் மட்டம் பார்ப்பது, அளவெடுப்பது, ஆட்களை நடத்துவது என்று மேஸ்திரி வேலைக்கு நகர முடியுமா என்று முதலில் பாருங்கள். முடியாதபோது, கையுறையோடும் சிகிச்சையோடும் ஆறு மாதம் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். பேட்ச் டெஸ்ட் முடிவையும் மருத்துவர் எழுதிய காரணத்தையும் பத்திரமாக வைத்திருங்கள். குரோமியத்தால் வரும் நோய்கள் 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே தொழில்நோயாகச் சேர்க்கப்பட்டிருந்தவை. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் அவர் பதிந்திருக்கிறாரா என்றும் பாருங்கள்.

எனக்கு இதில் தீராத வருத்தம் ஒன்று உண்டு. சிமெண்ட் கரப்பானுக்குக் குரோமியமே காரணம் என்று யேகர், பெல்லோனி என்ற மருத்துவர்கள் 1950-இலேயே பேட்ச் டெஸ்ட் மூலம் காட்டிவிட்டார்கள். தீர்வும் மலிவானது. சிமெண்டில் கொஞ்சம் ஃபெரஸ் சல்பேட் சேர்த்தால், தண்ணீர் ஊற்றியதும் அது குரோமியம்-6-ஐ குரோமியம்-3 ஆக மாற்றிவிடும். அயர்ன் மாத்திரையில் இருப்பதும் அதே உப்புதான். டென்மார்க் 1980-களின் தொடக்கத்திலேயே இதைச் செய்தது. அங்கே கட்டடத் தொழிலாளர்களிடம் குரோமியம் அலர்ஜி பெருமளவு குறைந்தது. 2005-இல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும், சிமெண்டில் கரையும் குரோமியம்-6 கிலோவுக்கு 2 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது. ஃபெரஸ் சல்பேட்டின் வீரியம் நாளாக ஆகக் குறையும் என்பதால், எத்தனை நாளுக்குள் பயன்படுத்த வேண்டும் என்று மூட்டையிலேயே அச்சிடுகிறார்கள். நம் மூட்டைகளிலும் அந்த வரி கட்டாயமாக வேண்டும். தொழிற்சங்கங்கள் கூலியைக் கேட்பதுபோலவே இதையும் கேட்க வேண்டும். ஒரு தொழிலாளியின் எதிர்ப்பு மண்டலம் கற்றதை எந்த மருந்தாலும் மறக்கவைக்க முடியவில்லை. கற்றுக்கொள்ளும் வாய்ப்பைக் கொடுக்காமல் இருக்க ஆலையால் முடியும்.

கடைசியாக உங்கள் தம்பி. அப்பாவுக்கு வந்ததால் அவனுக்கும் வந்தே தீரும் என்றில்லை. அவன் தோல் இன்னும் எதையும் குறித்துவைக்கவில்லை என்பதால் கையுறை அவனுக்குத்தான் அதிகம் பயன்படும். கீறலோ புண்ணோ உள்ள நாளில் வெறுங்கையால் கலவை அள்ளவே வேண்டாம். மதியம் சாப்பிடும்போது மட்டுமல்லாமல், டீ குடிக்கப் போகும்போதும் நல்ல தண்ணீரில் கை கழுவட்டும். வேலை இல்லாத நாட்களில் ஆறி, வேலைக்குப் போன ஒன்றிரண்டு நாளில் திரும்பும் அரிப்பு என்றைக்காவது வந்தால், அடுத்த பொங்கல்வரை காத்திருக்காமல் அந்த வாரமே தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். போகும்போது அவன் போடும் கையுறையையும் செருப்பையும் கை கழுவும் சோப்பையும் ஒரு பையில் எடுத்துச் செல்லுங்கள்.